புதிய யூனிட் படைக்க எந்த விளையாட்டு? ஒரு மருத்துவ வண்டி, ஐந்து பட்டறைகள்

நிகழ்நேர வியூக விளையாட்டுகளில் ஊறிய எவருக்கும் ஒரு கட்டத்தில் அந்த ஆசை வந்துவிடும்: "இந்தப் படையில் இப்படியொரு யூனிட் (வீரர், வண்டி போன்ற படை உறுப்பு) இருந்திருந்தால்!" ஆசை வந்த கையோடு கேள்வியும் வரும். எந்த விளையாட்டில் செய்வது? "உனக்குப் பிடித்ததில் செய்" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். கேட்க இதமான பதில். ஆனால் பாதியில் கைவிடப்பட்ட மாட்களில் (விளையாட்டுக்கு ரசிகர்கள் செய்யும் மாற்றங்களில்) பெரும்பாலானவை அந்தப் பதிலை நம்பித் தொடங்கியவை என்பது என் சந்தேகம். எந்த விளையாட்டு பிடிக்கும் என்பதை ஓரமாக வைத்துவிட்டு, படைக்க நினைக்கும் யூனிட்டில் எது புதியது என்று முதலில் கேட்க வேண்டும். விலை, உயிர், வேகம் போன்ற எண்கள் மட்டும் புதியவையா? நடத்தை புதியதா? தோற்றம் புதியதா? ஒரு விளையாட்டில் அரை மணி நேரத்தில் முடியும் வேலை இன்னொன்றில் மாதக்கணக்கில் இழுக்கும்.

பொதுவாகப் பேசினால் எல்லா விளையாட்டும் நல்லதாகவே தோன்றும் என்பதால், ஒரே யூனிட்டை எல்லா இடத்திலும் வைத்துப் பார்க்கலாம். போர்க்கள மருத்துவ வண்டி. ஆயுதம் கிடையாது. மெதுவாக நகரும். அருகில் நிற்கும் நம் வீரர்களுக்கு உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். எதிரியின் குதிரைப்படை நெருங்கிவிட்டால் தப்பிக்க வழியில்லை. எளிய கற்பனைதான், ஆனால் நல்ல சோதனை. எண்கள் சுலபம், நடத்தை நடுத்தரம், தோற்றத்துக்கு ஒரு வண்டி வேண்டும், அதன் பிறகு அது மற்றவர்களின் கணினியையும் சென்றடைய வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைப் பலர் முதலில் யோசிப்பதே இல்லை. இவ்வகை விளையாட்டுகளில் பெரும்பாலானவை, வீரர்கள் கொடுக்கும் கட்டளைகளை மட்டும் இணையத்தில் அனுப்பிவிட்டு, போரை ஒவ்வொருவரின் கணினியிலும் தனித்தனியாகக் கணக்கிடுகின்றன. உங்கள் கணினியில் வண்டியின் உயிர் 80, நண்பருடையதில் 90 என்றால் இரண்டு போர்களும் வேறு வேறாகப் பிரிந்து ஆட்டம் அறுந்துவிடும். எனவே மாட் ஒன்று எல்லோரிடமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாக வேண்டும். அதை எளிதாகக் கொண்டுசேர்க்கும் வழி இல்லாத விளையாட்டில் உங்கள் யூனிட்டுக்கு நீங்களே ஒரே ரசிகர்.

வார்கிராஃப்ட் 3: நடத்தைக்கு ராஜா

2002-இல் வந்த விளையாட்டு. 2003-இல் அதன் விரிவாக்கம் ஃப்ரோசன் த்ரோன். அதனுடன் வந்த வேர்ல்ட் எடிட்டரில் செய்யப்பட்ட தனிப்பயன் வரைபடம் ஒன்றுதான் டோட்டா. ஒரு தனி விளையாட்டு வகையே பிறந்த பட்டறை என்பதால் இதை முதலில் பார்ப்பது மரியாதை.

அதன் ஆப்ஜெக்ட் எடிட்டர் இன்றைக்கும் என்னை வியக்க வைக்கிறது. ஏற்கெனவே உள்ள யூனிட் ஒன்றை நகலெடுத்து ஒட்டுகிறீர்கள். பெயர், விலை, உயிர், வேகம் எல்லாம் படிவம் நிரப்புவது போலத்தான். வண்டிக்கு அன்டெட் படையின் மீட் வேகன் கைவசம் இருக்கிறது. பிணம் சுமக்கும் வண்டியை மருத்துவ வண்டியாக்குவதில் ஒரு குரூர நகைச்சுவை உண்டு, இருக்கட்டும். தாக்குதலை அணைத்துவிட்டு, பிணம் எடுக்கும் திறன்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். குணப்படுத்தும் ஆராவுக்கும் (சுற்றிலும் இருப்பவர்களைத் தானாகப் பாதிக்கும் திறனுக்கும்) எங்கும் அலைய வேண்டாம். ஆர்க் படையின் விட்ச் டாக்டர் நட்டுவைக்கும் ஹீலிங் வார்டு அருகிலிருப்பவர்களின் காயத்தை ஆற்றுகிறதல்லவா? அந்தத் திறனை நகலெடுத்து, அளவைக் குறைத்து, வண்டியின் திறன் பட்டியலில் சேர்த்தால் போதும். கடைசியாக ஏதேனும் ஒரு கட்டடத்தின் பயிற்சிப் பட்டியலில் வண்டியின் பெயரைச் சேர்க்க வேண்டும். ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. இன்னும் சிக்கலான நடத்தை வேண்டுமானால் "இது நடந்தால் அதைச் செய்" என்று சொல்லும் டிரிகர் இருக்கிறது. அதுவும் போதாதென்றால் ஜாஸ் மொழி, 2019-இன் 1.31 பதிப்பிலிருந்து லுவா மொழியும்.

விநியோகமும் சுகம். மாற்றம் எல்லாம் வரைபடக் கோப்புக்குள்ளேயே அடங்கிவிடும். ஆட்டத்தில் சேர்பவருக்கு வரைபடம் தானாக இறங்கிவிடும். டோட்டா பரவியதும் இப்படித்தான்.

அந்தச் சுகத்துக்கு உள்ள விலையும் அதுவேதான். வண்டி அந்த ஒரு வரைபடத்தில்தான் வாழும். வழக்கமான ஆட்டங்களில் எல்லாம் அது வர வேண்டும் என்றால் ஒவ்வொரு வரைபடத்துக்கும் மாற்றங்களைக் கொண்டுபோக வேண்டும். இன்னொன்றும் உண்டு. 2020 ஜனவரியில் இதன் மறுபதிப்பான ரீஃபோர்ஜ்டு வெளிவந்தபோது, தனிப்பயன் ஆட்டங்களின் உரிமை தனக்கே சேரும் என்று தயாரிப்பு நிறுவனமான பிளிஸார்ட் தன் விதிகளில் தெளிவாக எழுதிவிட்டது. விளையாட்டாகச் செய்பவருக்கு இது பொருட்டல்ல. நாளை இந்தக் கற்பனையைத் தனி விளையாட்டாக வளர்க்கும் எண்ணம் இருந்தால் இங்கே தொடங்குவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

ஸ்டார்கிராஃப்ட் 2: எல்லாம் முடியும், எதுவும் சுலபமில்லை

2017 நவம்பரிலிருந்து விளையாட்டின் பெரும்பகுதி இலவசம், எடிட்டரும் உட்பட. ஆகவே செலவில்லை. மாட் ஒன்றைத் தனியாக வெளியிட்டு, பல வரைபடங்களின் மேல் பொருத்தி ஆடும் வசதியும் உண்டு. வார்கிராஃப்டின் பெரிய குறை இங்கே இல்லை.

ஆனால் டேட்டா எடிட்டரைத் திறந்ததும் மூச்சு முட்டும். வார்கிராஃப்டில் ஒரே படிவத்தில் இருந்தது இங்கே துண்டு துண்டாக இருக்கிறது: யூனிட் தனி, அதன் உருவத்தைக் காட்டும் ஆக்டர் தனி, மாடல் தனி, ஆயுதம் தனி, விளைவு தனி, யூனிட்டின் மேல் ஒட்டிக்கொண்டு அதை மாற்றும் நிலை தனி. நம் வண்டியின் ஆராவுக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். வண்டியின் மேல் ஒரு நிலை. அது குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு விளைவை இயக்கும். அந்த விளைவு சுற்றுவட்டாரத்தைத் தேடும். தேடலில் அகப்பட்ட ஒவ்வொரு வீரர் மீதும் இன்னொரு விளைவு. அது வீரர் மேல் உயிர் கூட்டும் நிலையை ஒட்டும். இத்தனைக்கும் பிறகு ஆட்டத்தைத் தொடங்கினால், வண்டி நிற்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பந்து ஒன்று உருண்டுகொண்டிருக்கும். ஆக்டருக்கும் மாடலுக்கும் இடையே இணைப்பு விட்டுப்போனால் எடிட்டர் காட்டும் முகம் அதுதான். இந்த எடிட்டரைத் தொட்டவர்களில் அந்தப் பந்தைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்.

இந்தத் துண்டாக்கலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருமுறை பிடிபட்டுவிட்டால் எந்த நடத்தையையும் நிரல் எழுதாமலே கட்டலாம். ஆனால் முதல் யூனிட்டுக்கு இது வேண்டாம். 2020 அக்டோபரில் புதிய கட்டண உள்ளடக்கத்தை நிறுத்துவதாக பிளிஸார்ட் அறிவித்துவிட்டதையும் மனதில் வையுங்கள்.

ஓப்பன்ஆர்ஏ: குறிப்பேடு இருந்தால் போதும்

பழைய கமாண்ட் அண்ட் காங்கர், ரெட் அலர்ட், டியூன் 2000 ஆகியவற்றை இன்றைய கணினிகளில் ஓடவைக்கும் திறந்த மூலத் திட்டம் இது. 2007-இல் தொடங்கியது, நிரல் சி ஷார்ப் மொழியில், உரிமம் ஜிபிஎல் என்ற திறந்த உரிமம். ரெட் அலர்ட்டை 2008-இல் இஏ நிறுவனமே இலவசமாக விட்டுவிட்டதால் சட்டச் சிக்கல் இல்லாமல் கோப்புகளும் கிடைக்கின்றன. பழைய மடிக்கணினியிலும் தாராளமாக ஓடும். நம் வீடுகளில் இது சின்ன விஷயமல்ல.

இங்கே எடிட்டர் என்று தனியாக எதுவும் வேண்டாம். யூனிட் என்பது ஓர் உரைக்கோப்பில் சில வரிகள். யாமல் என்ற உரைவடிவத்தைப் போன்ற, ஆனால் யாமல் அல்லாத, மினியாமல் என்ற எளிய அமைப்பு. உள்தள்ளல்தான் இலக்கணம்: ஒரு டேப் கூடினாலோ குறைந்தாலோ பொருள் மாறிவிடும். பெயரை எழுதுகிறீர்கள், அடுத்த வரியில் பொது வாகன வார்ப்புருவிலிருந்து எல்லாவற்றையும் பெற்றுக்கொள்ளச் சொல்கிறீர்கள், அதற்குக் கீழே விலை, உயிர், வேகம், எந்த வரிசையில் கட்டப்படும் என்பவை. வேண்டாத பண்பு ஒன்று வார்ப்புருவிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தால், அதன் பெயருக்கு முன் கழித்தல் குறி போட்டால் உதிர்ந்துவிடும்.

குணப்படுத்தலுக்கு இங்கே இரண்டு வழிகள். முதலாவது அசல் ரெட் அலர்ட்டின் பழைய தந்திரம். அதில் மருத்துவர் காயம் ஆற்றுவதில்லை, சுடுகிறார்! அவருடைய ஆயுதத்தின் சேத அளவு எதிர்ம எண். உயிரிலிருந்து எதிர்ம எண்ணைக் கழித்தால் உயிர் கூடும், அவ்வளவுதான் மருத்துவம். 1996-இன் நிரலாளர்கள் குணப்படுத்தலுக்கென்று தனி அமைப்பு கட்டாமல் இப்படி முடித்துவிட்ட சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடிக்கும். நம் வண்டிக்கும் அதே ஆயுதத்தைக் கொடுத்தால் ஒவ்வொருவராகக் குணப்படுத்தும்.

சுற்றிலும் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் என்றால் இரண்டாவது வழி. வண்டிக்கு, சுற்றுவட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு நிபந்தனையை வழங்கும் பண்பைச் சேர்க்க வேண்டும். அந்த நிபந்தனை கிடைத்தால் உயிர் கூடும் என்ற பண்பைக் காலாட்படையின் பொது வார்ப்புருவில் சேர்க்க வேண்டும். கவனியுங்கள்: கொடுப்பவரை மட்டும் மாற்றினால் போதாது, பெறுபவரையும் மாற்ற வேண்டும். புதிதாக வருபவர்கள் வண்டியின் கோப்பையே நோக்கிக்கொண்டு "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்று குழம்புவது இந்த இடத்தில்தான்.

தோற்றத்துக்கு ரெட் அலர்ட்டிலேயே சரக்கு லாரி இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சொந்தமாக வரைய விரும்பினாலும் ஐந்து விளையாட்டுகளில் இங்குதான் சுமை குறைவு. வாகனத்துக்கு 32 திசைகள். சக்கரம் சுழல்வதைக் காட்டும் அளவுக்குப் படம் பெரிதில்லை என்பதால் திசைக்கு ஒரு படம், மொத்தம் 32 படம். வரைபடத்தின் ஒரு கட்டமே 24 பிக்சல்தான். நிறங்கள் 256 வண்ணத் தட்டுக்குள் அடங்க வேண்டும். அதில் 80 முதல் 95 வரையான இடங்கள் வீரரின் அணி நிறத்துக்கு ஒதுக்கப்பட்டவை. லாரியின் கூரையை அந்த எண்களில் தீட்டினால் சிவப்பு அணிக்குச் சிவப்பாகவும் நீல அணிக்கு நீலமாகவும் மாறும். தெரியாமல் சக்கரத்துக்கு அந்த எண்ணைக் கொடுத்தால் சக்கரமும் மாறும்.

இங்கும் மாற்றங்களை வரைபடக் கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்பலாம். அது உண்மையில் பெயர் மாற்றிய ஜிப் கோப்புதான். திட்டத்தின் வரைபடத் தளத்தில் ஏற்றிவிட்டால், ஆட்ட அறைக்கு வருபவர்கள் அங்கிருந்தே இறக்கிக்கொள்ளலாம். புதிய சி ஷார்ப் நிரலை மட்டும் வரைபடத்துக்குள் வைக்க முடியாது. அதற்குத் தனி மாட், அதற்கான கருவித்தொகுப்பு என்று போக வேண்டும். மருத்துவ வண்டிக்கு அது தேவையே இல்லை.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: கூட்டம் இங்கே, வலியும் இங்கே

1999-இல் வந்து, 2019 நவம்பரில் டெஃபினிட்டிவ் எடிஷனாக மறுபிறவி எடுத்த விளையாட்டு. ஆடுவோர் எண்ணிக்கை, புதுப்பிப்புகள், மாட் செய்வோர் குழாம் எதிலும் குறையில்லை. தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு பற்றுதலும் உண்டு: 2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா விரிவாக்கத்தில் திராவிடர் நாகரிகமும் முதலாம் இராசேந்திரனின் படையெடுப்புக் கதையும் இடம்பெற்றன. உருமி வாள் வீசும் வீரர், திரிசடை என்ற போர்க்கப்பல் இரண்டும் திராவிடருக்கே உரியவை. மெடிக்கல் கோர் என்ற தொழில்நுட்பம் அவர்களுடைய யானைகளின் காயத்தைத் தானாக ஆற வைக்கிறது. நம் வண்டிக்குப் பொருத்தமான ஊர் என்றுதான் தோன்றும்.

வேலையைத் தொடங்கினால்தான் தெரியும். எல்லா யூனிட்களின் எண்களும் ஒரே இருமக் கோப்பில் இருக்கின்றன. குறிப்பேட்டில் திறந்து படிக்க முடியாது. ரசிகர்கள் உருவாக்கிய அட்வான்ஸ்டு ஜீனி எடிட்டர் வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். உள்ளே நூற்றுக்கணக்கான பெட்டிகள், பலவற்றுக்கு விளக்கமும் இல்லை. அந்தக் கோப்பில் ஒவ்வொரு நாகரிகத்துக்கும் யூனிட் பட்டியல் தனித்தனிப் பிரதியாக இருக்கிறது. எல்லா நாகரிகங்களுக்கும் நகலெடுக்கும் வசதி அணைந்திருந்தால், நீங்கள் மாற்றியது ஒருவருக்கு மட்டும் பொருந்தி மற்றவர்கள் பழைய எண்களோடு ஆடுவார்கள்.

வண்டியை எதிலிருந்து நகலெடுப்பது? காயம் ஆற்றுபவர் துறவி என்பதால் அவரிடமிருந்து தொடங்குவதே வசதி. அவருடைய பணிப் பட்டியலில் 105 என்ற எண் குணப்படுத்தல், 104 மதமாற்றம். 104-ஐ நீக்க மறந்தால், எதிரியின் போர்யானையைப் பார்த்ததும் உங்கள் மருத்துவ வண்டி மந்திரம் ஓதத் தொடங்கிவிடும். படத்துக்கு வணிக வண்டியின் கிராஃபிக் எண்ணைக் கொடுக்கலாம். இதுவரை சுலபம்.

சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒளிந்திருக்கிறது. இந்த விளையாட்டில் சேதம் என்பது ஒரே எண் அல்ல. கவச வகைகளின் கூட்டுத்தொகை. 3 அம்பு, 4 கைகலப்பு, 8 குதிரைப்படை, 5 போர்யானை, 25 துறவி என்று வகைகளுக்கு எண்கள் உண்டு. பைக்மேன் ஈட்டிக்கு 8-ஆம் வகைக்கு எதிராக 22 கூடுதல் தாக்குதல் இருக்கிறது. ஆனால் எதிரே நிற்கும் யூனிட்டின் கவசப் பட்டியலில் 8 இல்லையென்றால் அந்த 22 செல்லாக்காசு. துறவியிலிருந்து பிறந்த நம் வண்டிக்கு 8 கிடையாது, 25 உண்டு. விளைவு? குதிரை பூட்டிய வண்டியை ஈட்டிக்காரர் குத்தினால் கீறல்தான் விழும். லைட் கேவல்ரி வந்தாலோ, துறவிகளைக் கொல்லவென்று அதற்குக் கொடுத்திருக்கும் 10 கூடுதல் தாக்குதல் முழுதாக வண்டியின் மேல் இறங்கும். குதிரைப்படைக்கு வண்டி பயப்பட வேண்டும் என்பதுதானே நம் ஆசை, ஆகவே 25 இருக்கட்டும் என்று விடலாம். ஈட்டிக்கும் பயப்பட வேண்டுமானால் கவசப் பட்டியலில் 8-ஐச் சேர்த்து அதன் மதிப்பைச் சுழியமாக வைக்க வேண்டும். "கவசம் சுழியம்" என்பதும் "கவசமே இல்லை" என்பதும் இங்கே நேரெதிர்: முதலாவது அடி முழுதாக விழும், இரண்டாவது அந்த வகை அடி விழவே விழாது.

சொந்தப் படம் வரைய நினைத்தால் நிலைமை இன்னும் மோசம். டெஃபினிட்டிவ் எடிஷன் முப்பரிமாண மாடலை ஆட்டத்தில் காட்டுவதில்லை. முன்கூட்டியே எடுத்த தட்டைப் படங்களைத்தான் காட்டுகிறது. மாடலைச் செய்து 16 திசைகளிலிருந்தும் படமெடுக்க வேண்டும். ஓர் அசைவுக்கு 30 சட்டகம் என்று வைத்தால் நடப்பதற்கு மட்டும் 480 படங்கள். நிற்பது, சாவது, சிதைவது தனி. நிழலுக்கும் அணி நிறத்துக்கும் தனி அடுக்குகள். பிறகு எல்லாவற்றையும் விளையாட்டின் சொந்த வடிவத்துக்கு மாற்றும் கருவி. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓட விடத் தெரிந்தவருக்குப் பரவாயில்லை. மற்றவர்கள் வணிக வண்டியோடு சமாதானமாகிவிடுவது நல்லது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சுமை பேட்ச், அதாவது நிறுவனம் வெளியிடும் புதுப்பிப்பு. உங்கள் மாட் என்பது முழுத் தரவுக் கோப்பின் மாற்றுப் பிரதி. நிறுவனம் புதிய நாகரிகம் சேர்த்தோ எண்களைத் திருத்தியோ கோப்பை மாற்றினால், உங்களுடையது பழைய உலகத்தில் நின்றுவிடும். விளையாட்டு உயிரோடு இருக்கிறது என்ற மகிழ்ச்சிக்கு மாட் செய்பவர் கட்டும் வரி அது. விநியோகத்தைப் பொறுத்தவரை குறை சொல்வதற்கில்லை: உள்ளேயே மாட் தளம் உண்டு, ஆட்டத்தை நடத்துபவர் தரவு மாட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றவர்களுக்கு அது இறங்கிக்கொள்ளும்.

0 ஏ.டி.: உருவம் உங்களுடையது என்றால்

2001 வாக்கில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கான மாட் ஒன்றாகக் கற்பனை செய்யப்பட்டு, பிறகு தனி விளையாட்டாக வளர்ந்தது. மாட் செய்ய ஆசைப்பட்டவர்கள் கட்டிய விளையாட்டு என்பதை உள்ளே போனதும் உணரலாம். வைல்டுஃபயர் கேம்ஸ் குழு 2009-இல் மூல நிரலைத் திறந்துவிட்டது. நிரல் ஜிபிஎல், கலைப்பொருட்கள் கிரியேட்டிவ் காமன்ஸ். முற்றிலும் இலவசம். மௌரியர் இதில் உண்டு. சாணக்கியர் ஹீரோவாக வருகிறார், அதுவும் காயம் ஆற்றுபவராக! 2025 ஜனவரியில் வந்த 27-ஆம் ஆல்பாவின் பெயரே அக்னி.

இங்கே யூனிட் ஒவ்வொன்றும் ஒரு சிறிய எக்ஸ்எம்எல் கோப்பு. முதல் வரியில் பெற்றோர் வார்ப்புருவின் பெயர். அதற்குக் கீழே, பெற்றோரிடமிருந்து எது மாறுகிறதோ அது மட்டும். விலை, உயிர், வேகம், தாங்கும் திறன். சேதம் வெட்டு, துளை, நசுக்கு என்று மூன்றே வகையில் பெரும்பாலும் முடிந்துவிடுவதால், ஏஜ் 2-இன் ஒளிந்திருக்கும் எண்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆரா என்பது தனி ஜேசன் கோப்பு: சுற்றளவு எவ்வளவு, யாரைப் பாதிக்கும், எந்த மதிப்பை எவ்வளவு கூட்டும். உயிர் மீளும் வேகத்தைக் கூட்டு என்று ஒரு வரி எழுதினால் நம் மருத்துவம் முடிந்தது. விளையாட்டின் கோயில்களே அருகிலுள்ளவர்களை இப்படித்தான் ஆற்றுகின்றன. அந்தக் கோப்பைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். ஓப்பன்ஆர்ஏயில் போலப் பெறுபவரைத் தொட வேண்டியதில்லை.

உண்மையான லாபம் தோற்றத்தில். இது முழு முப்பரிமாண இயந்திரம். பிளெண்டரில் ஒரு வண்டி செய்து, கொலாடா வடிவத்தில் ஏற்றுமதி செய்து, மேலே போர்த்தும் படமான டெக்ஸ்சர் ஒன்றைச் சேர்த்தால், திசைகளை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். 480 படம் எடுக்கும் கூத்து இல்லை. ஏற்றுமதிக்குப் பிளெண்டரின் 4-ஆம் வரிசைப் பதிப்பு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அணி நிறத்துக்கு டெக்ஸ்சரின் ஒளிபுகு அடுக்கே பயன்படுகிறது: எங்கே ஊடுருவலாக விடுகிறீர்களோ அங்கே அணியின் நிறம் தெரியும். வண்டியின் துணிக்கூரையை மட்டும் அப்படி விட்டால் அழகாக அமையும். வண்டியோட்டியைத் தனி மாடலாகச் செய்து, வண்டியில் குறித்த ஒட்டுப்புள்ளியில் பொருத்தலாம். ஏற்கெனவே உள்ள மனித உருவத்தையே அமர்த்திவிட்டால் அதுவும் மிச்சம். உடன் வரும் அட்லஸ் எடிட்டரில் உருவத்தைச் சுழற்றிப் பார்க்கலாம். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே படக் கோப்பைச் சேமித்தால் திரையில் மாற்றம் தெரிந்துவிடும். இந்த ஒரு வசதிக்காகவே கலைஞர்கள் இங்கே வர வேண்டும் என்பேன்.

குறைகளும் உண்டு. கோயிலில் வண்டியைப் பயிற்றுவிக்க, கோயிலின் வார்ப்புருக் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். உங்கள் மாட் கோப்புறையில் வைக்கும் கோப்பு அசலை முழுதாக மறைத்துவிடும். இன்னொரு மாட் அதே கோப்பைத் தொட்டிருந்தால் பின்னால் ஏறியது ஜெயிக்கும், முந்தையது சத்தமில்லாமல் காணாமல் போகும். பதிப்புக்குப் பதிப்பு பகுதிகளின் பெயர்களும் மாறுகின்றன: ஆர்மர் என்றிருந்தது ரெசிஸ்டன்ஸ் ஆயிற்று, கட்டடங்களின் பயிற்சிப் பட்டியல் வேறு பகுதிக்கு இடம்பெயர்ந்தது. ஆனால் எல்லாம் உரைக்கோப்பு என்பதால் தேடி மாற்றிவிடலாம். ஏஜ் 2 போல முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விளையாட்டுக்குள்ளிருந்தே மாட்.ஐஓ என்ற பகிர்வுத் தளம் வழியாக மாட்களை இறக்கலாம். அங்கே வருபவற்றைக் குழு சரிபார்த்துக் கையொப்பமிட்ட பிறகுதான் விளையாட்டு ஏற்கும். பாதுகாப்புக்கு நல்லது, அவசரக்காரர்களுக்கு எரிச்சல்.

கணினி எதிராளி உங்கள் வண்டியைக் கட்டுவானா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. பலர் தனியாகத்தான் ஆடுகிறார்கள். ஓப்பன்ஆர்ஏயின் பாட்களுக்கு (கணினி எதிராளிகளுக்கு) எந்த யூனிட்டை எந்த விகிதத்தில் கட்டுவது என்று பெயர் சொல்லிப் பட்டியல் கொடுக்கப்பட்டிருக்கிறது. வண்டியின் பெயரை அங்கே சேர்த்தால் கட்டும், இல்லையென்றால் இல்லை. 0 ஏ.டி.யின் பெட்ரா பாட் பெரும்பாலும் யூனிட்டின் வகுப்புகளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதால் புதிய போர்வீரர்களைத் தானாகவே எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். ஆயுதமில்லாத மருத்துவ வண்டியின் அருமை அதற்குப் புரியும் என்று நம்பிவிட வேண்டாம். ஏஜ் 2-இலும் வார்கிராஃப்டிலும் எதிராளியின் ஸ்கிரிப்டில் நீங்களே எழுதிக் கொடுத்தால்தான் உண்டு.

எதை எடுப்பது

இதுவரை எந்த மாட் வேலையும் செய்யாதவர் என்றால் ஓப்பன்ஆர்ஏதான். எண்களையும் நடத்தையையும் மாற்றி, அன்றைக்கே நண்பரோடு ஆடிப் பார்த்து, வண்டி சுவாரசியமான யூனிட்டா இல்லையா என்று அறிந்துகொள்ளலாம். பெரும்பாலான கற்பனைகள் அந்தச் சோதனையில் தேறுவதில்லை. மருத்துவ வண்டியே எடுத்துக்கொண்டால், ஆரா சற்றுப் பெரிதானாலும் இரு தரப்பும் வண்டியைச் சுற்றிக் கூடாரமடித்துவிட்டு ஆட்டம் நகராமல் நின்றுவிடும். 480 படம் எடுத்த பிறகு இது தெரிய வந்தால் யாருக்குத்தான் மனம் தாங்கும்?

தேறிய கற்பனைக்குச் சொந்த உருவம் கொடுக்க ஆசை இருந்தால் அடுத்த இடம் 0 ஏ.டி. அங்குள்ள கலைப்பொருட்களை மாற்றி வெளியிட்டால் உங்களுடையதையும் அதே திறந்த உரிமத்தில் விட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. யூனிட்டின் சிறப்பு முழுவதும் விசித்திரமான திறன்களில்தான், ஒரு வரைபடத்தில் ஓடினால் போதும் என்பவர் வார்கிராஃப்ட் 3-க்குப் போகலாம். ஸ்டார்கிராஃப்ட் 2-ஐ, விளையாட்டு வடிவமைப்பையே தொழிலாகப் பயில நினைப்பவருக்கு மட்டும் சொல்வேன்.

ஏஜ் 2-ஐத் தேர்ந்தெடுக்க ஒரே நல்ல காரணம், உங்கள் யூனிட் அந்த உலகத்துக்கே உரியது என்பதுதான். திராவிடருக்கு நைட் வரிசைக் குதிரைவீரர்கள் கிடையாது. அந்த வெற்றிடத்தில் சோழர் படைக்கு ஏதேனும் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று துடிப்பவருக்கு ஓப்பன்ஆர்ஏயின் டாங்கிகளுக்கு நடுவே என்ன வேலை? அவர் தாராளமாக ஜீனி எடிட்டரைத் திறக்கட்டும். ஏற்கெனவே உள்ள படங்களை வைத்தே சமாளிக்கட்டும். தொட்ட யூனிட்டின் எண், மாற்றிய பெட்டி, பழைய மதிப்பு, புதிய மதிப்பு ஆகிய நான்கையும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு விரிதாளில் குறித்துக்கொள்ளட்டும். அடுத்த பேட்ச் வந்ததும் புதிய தரவுக் கோப்பைத் திறந்து அந்த விரிதாளைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் மறுபடி உள்ளிட வேண்டியிருக்கும்.